ஊருக்குப் பொதுவான நீர்



திருவள்ளூர் மாவட்டத்தின் நிலப்படத்தை விரித்துப் பாருங்கள். சிறியனவும் பெரியனவுமாக எண்ணற்ற ஏரிகள் அதில் தோன்றும். வற்றாத ஆறு இங்கு ஒன்றும் இல்லை. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் வடகிழக்குப் பருவமழையில் பெருகி, சில நாள்களில் கடலை நோக்கி ஓடிவிடும். சில மாத மழையை ஆண்டு முழுவதும் வைத்துக் காக்க வேண்டிய நிலையில் நம் முன்னோர் கண்ட வழியே ஏரி.

கரை எழுப்புவதோடு ஏரியின் வேலை முடிந்துவிடுவதில்லை. மதகை எப்போது திறப்பது, முதலில் எந்த வயலுக்கு விடுவது, தூர் வாருவது யார் என்ற கேள்விகள் உடனே எழும். தொண்டை மண்டலத்து உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இக்கேள்விகளை அக்காலத்தவர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதைக் காட்டுகின்றன. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட அறுவர் ஏரி வாரியமாக அமர்ந்து, 360 நாள் அப்பொறுப்பை வகித்தனர். பொதுநீரைக் காக்கப் பொதுவான ஓர் அவை வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

பிற்காலத்தில் சென்னை வளர்ந்தது. ஊர்க் கிணறுகள் போதாமற்போகவே, நகரம் வடமேற்கே உள்ள ஏரிகளை நாடிற்று. தாமரைப்பாக்கம் அணையிலிருந்து கொசஸ்தலையாற்று நீரைத் திருப்பிச் சோழவரம், செங்குன்றம் ஏரிகளில் தேக்கும் திட்டம் உருவாயிற்று. 1872-இல் செங்குன்றம் நீர் நகரை அடைந்தது. அதுவும் போதாதபோது, சென்னை மேயராயிருந்த சத்தியமூர்த்தி பூண்டியில் நீர்த்தேக்கம் அமைக்கப் பெரிதும் முயன்றார். 1943-இல் அவர் மறைந்தார். 1944-இல் பூண்டித் தேக்கம் நிறைவேறி, இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

பின்னர் மாநில எல்லையைக் கடந்தும் நீர் வேண்டியதாயிற்று. 1976-இல் மராட்டியம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் கிருஷ்ணை நீரில் ஆளுக்கு 5 டி.எம்.சி. சென்னைக்காக விட்டுக்கொடுக்க இசைந்தன. டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. 1983-இல் ஆந்திரத்துடன் தமிழ்நாடு ஒப்பந்தம் செய்துகொண்டது. வழியில் ஏற்படும் இழப்பாக 3 டி.எம்.சி. கழித்து, 12 டி.எம்.சி. எல்லையில் தருவது என்பது ஏற்பாடு. ஸ்ரீசைலம், சோமசிலா, கண்டலேறு வழியாக ஊத்துக்கோட்டைக்கு அந்நீர் வந்து சேர்ந்த ஆண்டு 1996. கையெழுத்துக்கும் நீருக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள் சென்றன.

வந்த நீரைத் தேக்க இடம் வேண்டும் அல்லவா? கும்மிடிப்பூண்டி வட்டத்தில் கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை என்னும் இரண்டு ஊர்களின் பாசன ஏரிகளை இணைத்து ஒரே நீர்த்தேக்கமாக்கத் திட்டமிட்டனர். 2013-இல் தொடங்கிய பணி, 380 கோடி ரூபாய்ச் செலவில் முடிந்து, 2020 நவம்பரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இதன் கொள்ளளவு 50 கோடி கன அடி.

இந்த அளவை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்வோம். ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர், எனவே தேக்கம் நிறைந்தால் அதில் 1,415 கோடி லிட்டர் இருக்கும். ஊரக மக்களுக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு 55 லிட்டர் என்பது 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. பதினாயிரம் பேர் வாழும் ஊருக்கு ஓராண்டில் ஏறத்தாழ 20 கோடி லிட்டர் வேண்டும். ஒருமுறை நிறைந்த நீர், சிறிதும் வீணாகாவிட்டால், அத்தகைய எழுபது ஊர்களுக்கு ஓராண்டு போதும்.

ஆனால் வீணாகாமல் இராது. ஒரே அளவு நீரைத் தாம்பாளத்திலும் குடத்திலும் ஊற்றி வெயிலில் வையுங்கள். தாம்பாளத்து நீரே முதலில் வற்றும். நம் ஏரிகள் தாம்பாளம் போன்றவை. வண்டல் படியப் படிய ஆழம் குறைகின்றது. ஆழம் குறைந்த ஏரியில், தேங்கிய நீரில் பெரும்பங்கை வெயில் குடித்துவிடுகின்றது. ஆகவே தூர் வாருதல் கட்டும் நாளோடு முடியும் வேலையன்று.

இதனினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. இத்தேக்கத்திற்காகப் பாசன ஏரிகள் இரண்டு தம் பழைய பணியை விட்டன. உழவர் நிலங்களும் எடுக்கப்பட்டன. தேக்கப்பட்ட நீர் சென்னையின் குடிநீருக்கென்று குறிக்கப்பட்டது. அருகிலேயே கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்கண்டிகையிலும் சிப்காட் தொழிற்பேட்டைகள் உள்ளன. அவற்றுக்கும் நீர் வேண்டும். கிழக்கே மீஞ்சூர்ப் பகுதியிலோ, நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்து கிணறுகள் உவர்த்தன. நகரம், ஆலை, சிற்றூர் ஆகிய மூன்றும் ஒரே மழையைத்தான் நம்பியிருக்கின்றன.

நகரின் தாகமும் மெய்யானதே. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதனால் பொது நீர்த்தேக்கங்கள் வேண்டா என்று கூறுதல் பொருந்தாது. நீர் குறைந்த ஆண்டில் யாருக்கு எவ்வளவு என்பதை நீர் நிறைந்த ஆண்டிலேயே எழுதிவைக்க வேண்டும் என்பதே என் கருத்து. பழுது பார்க்கும் செலவு யாருடையது என்பதும் அதில் இருக்க வேண்டும். நிலம் கொடுத்த கரையோரச் சிற்றூரின் பங்கு முதல் வரியில் இருக்க வேண்டும். அவ்வூரார் இருவரேனும் அந்த அவையில் அமரவும் வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏரி வாரியத்தைக் கண்டவர்களின் வழிவந்த நமக்கு இது புதிய பாடம் அன்று.

விடுமுறையில் உங்கள் ஊர் ஏரிக்கரைமேல் நடந்து செல்லுங்கள். மதகு எங்கே, கலங்கல் எங்கே, நீர் வரும் கால்வாய் திறந்திருக்கின்றதா என்று பாருங்கள். அந்த ஏரி யாருடைய பொறுப்பில் உள்ளது என்று பெரியவர்களைக் கேளுங்கள். அக்கேள்விக்கு உடனே விடை கிடைக்கும் ஊரில்தான் நீர் நிலைத்திருக்கும்.