கானமயில்: துப்பாக்கிக்குத் தப்பிய பறவை மின்கம்பியில் சிக்கியது எப்படி?

2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிப்புலிகள் விமானத்தில் வந்து, மத்தியப் பிரதேசத்தின் குனோவில் இறங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். இந்தியாவில் அழிந்துவிட்டதாக 1952-ல் அறிவிக்கப்பட்ட விலங்கு அது. ஆப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கில் மிச்சம் இருந்ததால்தான் கொண்டுவர முடிந்தது.

கானமயிலுக்கு அந்த வசதி கிடையாது. உலகில் மிச்சமிருக்கும் கானமயில்கள் ஏறக்குறைய எல்லாமே இந்தியாவில்தான் இருக்கு. மொத்தம் 150 இருக்கலாம் என்கிறார்கள். உங்க ஆபீஸில் ஒரு ஃப்ளோரில் இருப்பவர்களே அதைவிட அதிகமாக இருப்பாங்க.

பெயரில் மயில் இருந்தாலும் இது மயில் இல்லை. சுமார் ஒரு மீட்டர் உயரம். ஆண் பறவை 15 கிலோ வரைகூட இருக்கும். பறக்கும் பறவைகளில் மிக எடையானவற்றில் ஒன்று. பறவையியலாளர் சாலிம் அலி இதைத்தான் தேசியப் பறவையாக முன்மொழிந்தார். 1963-ல் மயில் ஜெயித்துவிட்டது.

ஏன் இப்படிக் குறைந்தது?

முதல் காரணம் வேட்டை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அது பெருமளவு அடங்கியது. ஆனால் இது காட்டில் வாழும் பறவை இல்லை, வறண்ட புல்வெளியில் வாழ்வது. புலிக்குக் காடு இருக்கு, அதைக் காக்கச் சட்டமும் துறையும் இருக்கு. புல்வெளியோ அரசுப் பதிவேடுகளில் பெரும்பாலும் 'தரிசு'. தரிசு என்றால் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், இல்லையா? பாசனம் வந்தது, வயல் வந்தது, பிறகு காற்றாலையும் சோலார் பூங்காவும் வந்தன. ஒருகாலத்தில் தமிழ்நாடு வரை பரவியிருந்த பறவை, இன்று முக்கியமாக ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் ஒடுங்கிவிட்டது.

மின்கம்பி என்ன செய்கிறது?

கானமயிலுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் நேர் எதிரே பார்க்கும் பரப்பு குறைவு. கம்பியைப் பார்க்கும்போது ரொம்பக் கிட்ட வந்திருக்கும். அந்த உடம்பை வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பவும் முடியாது. பொதுவாக ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும் இனம் என்பதால், ஓரிரு பறவைகள் செத்தாலே கணக்கு தலைகீழாகிவிடும்.

இதனால்தான் எம்.கே.ரஞ்சித்சிங் 2019-ல் உச்ச நீதிமன்றம் போனார். 1972 சட்டத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்த முன்னாள் ஐஏஎஸ் அதிகாரி இவர். 2021 ஏப்ரலில் நீதிமன்றம், சாத்தியமான இடங்களில் கம்பிகளை நிலத்தடியில் பதிக்கச் சொன்னது. அந்த உத்தரவின் எல்லை சுமார் 99,000 சதுர கி.மீ., அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் முக்கால் பங்கு. உயர் அழுத்தக் கம்பிகளைப் புதைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது, சோலார் இலக்குகள் அடிபடும் என்றது மத்திய அரசு. 2024 மார்ச்சில் நீதிமன்றம் உத்தரவைத் தளர்த்தி, முடிவு சொல்ல நிபுணர் குழு அமைத்தது. அதே தீர்ப்பில், பருவநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து விடுபடுவதும் குடிமக்களின் உரிமை என்றது. இரு தரப்பும் கேட்பது நியாயம்தான். அதுதான் இந்த வழக்கின் சிக்கல்.

குஜராத்தின் கட்ச் பகுதிக்கு இந்த விவாதமே தாமதமாகத்தான் வந்தது. 2018-க்குப் பிறகு அங்கே ஆண் பறவை கண்ணில் படவில்லை. மிஞ்சியவை சில பெண் பறவைகள். பறவை இருக்கு, ஆனால் தானாகப் பெருக வழியில்லை. அறிவியலாளர்கள் இதைச் 'செயல்பாட்டளவில் அழிந்தது' என்பார்கள். பட்டியலில் இன்னும் உயிரோடிருக்கும், அவ்வளவுதான்.

நம்பிக்கை தருவது ஜெய்சல்மேரில் உள்ள இனப்பெருக்க மையங்கள். 2019 முதல் காட்டிலிருந்து முட்டை எடுத்துப் பொரிக்க வைக்கிறார்கள். 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலம் முதல் குஞ்சும் பிறந்தது. இந்தக் குஞ்சுகளின் வாரிசுகளை என்றைக்காவது வெளியே விடணும். அதற்குக் கம்பி இல்லாத புல்வெளி வேண்டும். இப்போதைக்கு வெளியே இருப்பது அதே தார், மேலே அதே கம்பிகள்.