மாமன்றக் கூட்டம் (சென்னை)

மாமன்றக் கூட்டம் என்பது பெருநகர சென்னை மாநகராட்சியின் 200 வார்டு உறுப்பினர்களும் மேயர் தலைமையில் ரிப்பன் கட்டடத்தில் கூடி, வரவு செலவுத் திட்டம், வளர்ச்சிப் பணிகள், மக்கள் குறைகள் ஆகியவற்றை விவாதித்து முடிவெடுக்கும் அவை. நிர்வாகப் பொறுப்பு ஆணையரிடம் உள்ளது. கேள்வி நேரம், நேரமில்லா நேரம், தீர்மானங்கள் ஆகியன இதன் கூறுகள். நிதிநிலை அறிக்கையை வரிவிதிப்பு, நிதி நிலைக்குழுத் தலைவர் தாக்கல் செய்வார்.

மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை அகற்றல் பற்றிய புகார்களே மிகுதி. வார்டில் கழிவுநீர் பொங்கினாலும் உறுப்பினர் இங்குதான் முறையிடுவார்; அப்பணியோ 1978இல் அமைந்த குடிநீர் வாரியத்துடையது. வாக்காளருக்கு இந்த எல்லைக்கோடு பெரும்பாலும் தெரிவதில்லை.

1687ஆம் ஆண்டுப் பட்டயத்தின்படி, மாநகராட்சி 1688 செப்டம்பர் 29இல் தொடங்கியது. நத்தேனியல் ஹிக்கின்சன் முதல் மேயர். இடையில் வழக்கொழிந்த மேயர் பதவி 1933இல் மீண்டது. 2011இல் எல்லை விரிந்து, வார்டுகள் 155இலிருந்து 200 ஆயின. தேர்தல் நடைபெறாததால் 2016 முதல் 2022 வரை மாமன்றம் இல்லை. தனி அலுவலரே தீர்மானங்களை நிறைவேற்றினார். 2022 மார்ச்சில் ஆர். பிரியா மேயரானார்.