ஒரே அலைவரிசை, பல கருவிகள்: 2.4 கிகா ஹெர்ட்ஸின் கதை

முன்னுரை

திருச்சியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் இருக்கிறது திருவெள்ளறை. அங்குள்ள சுவஸ்திகை வடிவக் கிணறு, பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் என்பவரால் வெட்டப்பட்டது. நான்கு பக்கமும் படித்துறைகள். ஒரு துறையில் குளிப்பவர் மற்றத் துறையில் இருப்பவரின் கண்ணில் படமாட்டார். தண்ணீர் ஒன்றுதான், ஆனால் யாருக்கும் யாராலும் தொந்தரவில்லை.

வீட்டில் இருக்கும் வைஃபை, புளூடூத், ஸ்மார்ட் விளக்கு, கதவு சென்சார் ஆகியவையும் பெரும்பாலும் 2.4 கிகா ஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையைத்தான் பங்கு போட்டுக் கொள்கின்றன. ஆனால் அங்கே சுவர் எழுப்பித் தர யாரும் இல்லை.

உரிமம் போன கதை

1947-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த உலக வானொலி மாநாட்டில் தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டன. மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவது அப்படிப்பட்ட ஒன்றில்தான். 1985-ல் அமெரிக்கா அந்த இடங்களில் உரிமமில்லாத தகவல் தொடர்புக்கும் அனுமதி தந்தது. 1997-ல் வைஃபையின் முதல் தரநிலை வெளிவந்தது.

இந்தியாவிலோ 1933-ம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, கருவியை வைத்திருக்கவே உரிமம் வேண்டியிருந்தது. 2005 ஜனவரியில்தான் 2.4 கிகா ஹெர்ட்ஸ் பகுதி கட்டடத்துக்கு உள்ளேயும் வெளியேயும் உரிமமின்றித் திறந்துவிடப்பட்டது. கூடவே ஒரு நிபந்தனை: பிறருக்கு இடையூறு செய்யக்கூடாது, தனக்கு இடையூறு வந்தால் பாதுகாப்பும் கேட்க முடியாது. பக்கத்து வீட்டு ரூட்டர் மீது புகார் கொடுக்க இடமில்லை என்பதே இதன் பொருள்.

தேனி அனுபவம்

தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துக் கண் மையங்களோடு பேசுவதற்கு நெடுந்தூர வைஃபையைப் பயன்படுத்தியது. இதை அமைக்க உதவிய பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இத்தகைய இணைப்புகளில் தகவல் தொலைவதற்கு முக்கியக் காரணம் சுற்றியுள்ள பிற வைஃபைகளே என்று 2007-ல் எழுதினர். கிராமத்தில் சிக்கல் குறைவு, நகரத்தில் அதிகம்.

கருவிகள் கண்ட வழி

புளூடூத் நொடிக்கு 1600 முறை வரை தடம் மாறும். 2003-ல் வந்த 1.2 பதிப்பு, நெரிசலான தடங்களைத் தானே ஒதுக்கவும் கற்றுக் கொண்டது. ஜிக்பீ அப்படித் தாவுவதில்லை. அதன் சமிக்ஞையும் மெலிது. அது பேசுவது வைஃபையின் காதில் விழாமலே போகலாம். அப்போது கதவு திறந்த செய்தி வந்து சேராது.

வைஃபையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத தடங்கள் 1, 6, 11. இவற்றுக்கு இடையிலும் ஓரத்திலும் ஜிக்பீயின் 15, 20, 25, 26 ஆகிய தடங்கள் பெரும்பாலும் தப்பி நிற்கின்றன. இந்தியாவில் 13-ம் தடமும் உண்டு. ரூட்டர் தானாக அதற்குத் தாவினால் 25, 26 இரண்டும் அடிபடும்.

செய்ய வேண்டியவை

* ரூட்டரில் "ஆட்டோ"வை நிறுத்தி 1, 6, 11-ல் ஒன்றை நிலையாக வைக்கவும்.
* 2.4-ல் அகலம் 20 மெகா ஹெர்ட்ஸ் போதும்.
* மடிக்கணினி, டிவியை 5 கிகா ஹெர்ட்ஸுக்கு மாற்றவும்.
* ஜிக்பீ ஹப்பை ரூட்டருக்கு அருகில் வைக்க வேண்டாம். யுஎஸ்பி 3.0 துளையும் இதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும், நீட்டிப்பு வயர் நல்லது.

முடிவுரை

உரிமம் நீங்கியதால்தான் வைஃபை சாதாரண வீடுகளுக்கும் வந்தது. அந்தச் சுதந்திரத்துக்கு விலை, அடுத்தவருக்கு இடம் விடும் பழக்கம். அதைச் சட்டம் செய்து தராது, அவரவர் வீட்டில் அவரவரே செய்ய வேண்டும்.