பாத்தியிலிருந்து குழித்தட்டுக்கு

போர்ச்சுகீசியர் கப்பலேறி மிளகாய் இந்தியாவுக்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டில்தான். அதுவரை காரத்துக்கு மிளகும் திப்பிலியும்.

வந்த செடிக்கு ஊருக்கு ஊர் வேறு வளர்ப்பு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு, வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி நிலத்தில் பெரும்பாலும் நேரடி விதைப்பு. பாசனமுள்ள ஊர்களில் மேட்டுப்பாத்தி நாற்றங்கால்: வரிசையாக விதைத்து, மெல்ல மண் மூடி, வைக்கோல் பரப்பி, பூவாளியால் நீர் தெளிப்பார்கள். முளை தலைகாட்டியதும் வைக்கோலை எடுத்துவிட வேண்டும். புதிதாக நாற்று விடுபவர் பெரும்பாலும் பாசத்தால்தான் தோற்கிறார்; நீர் மிஞ்சினால் தண்டின் அடி அழுகி நாற்று சாய்ந்துவிடும்.

இப்போது பல ஊர்களில் குழித்தட்டும் தென்னைநார்க் கழிவும் நிழல்வலையும் பாத்தியின் இடத்தைப் பிடித்துவிட்டன. வேர் அறுபடாமல் எடுக்கலாம். சுமார் 35 நாளில் நாற்று தயார். நடவுக்குச் சில நாள் முன்பு நீரைக் குறைத்து, வெயிலுக்குப் பழக்குவது மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே.