ஒன்பதாம் மணி உச்சிக்கு வந்த கதை

ஆங்கிலத்தில் நண்பகலுக்கு ‘நூன்’ என்று பெயர். ‘குட் ஆஃப்டர்நூன்’ சொல்லி வளர்ந்த எல்லோருக்கும் பழகிய சொல்தான். அதன் வேரைத் தோண்டினால் கிடைப்பதோ ஒன்பது என்ற எண். லத்தீனில் ‘ஹோரா நோனா’ என்றால் ஒன்பதாம் மணி. அந்த நோனாதான் பழைய ஆங்கிலத்தில் ‘நோன்’ ஆகி, பிறகு நூன் ஆனது.

தமிழின் நண்பகல் அப்படியல்ல. நள் என்றால் நடு. பகலின் நடு நண்பகல், இரவின் நடு நள்ளிரவு. தொல்காப்பியம் பாலைத் திணைக்கு வகுத்த அந்தப் பொழுது இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நூனோ பிற்பகல் மூன்று மணி வாக்கில் பிறந்து, பல நூற்றாண்டுகள் பின்னோக்கி நடந்து, பன்னிரண்டுக்கு வந்து சேர்ந்த சொல்.

ரோமானியர்கள் சூரியன் எழுவதிலிருந்து மறைவது வரையுள்ள பகலைப் பன்னிரண்டு மணியாகப் பிரித்தார்கள். கோடைப் பகல் நீளம், குளிர்காலப் பகல் குறுகல். ஆகவே மணியும் நீண்டது, சுருங்கியது. ரோம் நகரில் கோடையின் ஒரு மணி நம் கணக்கில் சுமார் 75 நிமிடம், குளிர்காலத்தில் சுமார் 45 நிமிடம். ஆறாம் மணி முடியும்போது சூரியன் உச்சியில் நிற்கும். ஒன்பதாம் மணி அதற்கும் மறைவுக்கும் சரிபாதியில் வரும். தமிழ் பைபிள் படிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்ததுதான். இயேசு சிலுவையில் கதறிய வேளையை மத்தேயு ஒன்பதாம் மணி என்றே குறிக்கிறார். பேதுருவும் யோவானும் தேவாலயத்துக்குப் போன ஜெப வேளையும் அதுவே. அதைக் காலை ஒன்பது என்று எடுத்துக்கொண்டால் கதையே மாறிவிடும்.

அந்த ஜெப வேளையைக் கிறித்தவ மடங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மான்டே கசீனோவில் இருந்த புனித பெனடிக்ட் எழுதிய மட ஒழுங்கு, ஐரோப்பியத் துறவிகளின் நாளை மணி மணியாக வகுத்தது. சாப்பாட்டு நேரத்தையும் அதுதான் தீர்மானித்தது. செப்டம்பர் நடுவிலிருந்து தவக்காலம் தொடங்கும் வரை ஒரு நாளைக்கு ஒரே வேளை உணவு. அதுவும் ஒன்பதாம் மணி ஆன பிறகு. கோடையிலும் புதன், வெள்ளிகளில் வயல் வேலையோ கடும் வெயிலோ இல்லையென்றால் அதே கதிதான். குளிர்காலத்தில் துறவிகள் இரவின் எட்டாம் மணிக்கே, அதாவது இரண்டு மணி சுமாருக்கே, எழுந்துவிட வேண்டும். அப்போதிருந்து வெறும் வயிற்றோடு பாடி, படித்து, மண் கொத்தி, பிற்பகல் வரை காத்திருந்த மனிதர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். நோனா மணி அவர்கள் காதில் பிரார்த்தனைக்கான அழைப்பாக மட்டுமா கேட்டிருக்கும்?

அந்த மணி மெல்ல முன்னால் நகர்ந்தது. நகர்த்தலின் முதல் தடயம் பெனடிக்டின் ஒழுங்கிலேயே இருக்கிறது. ஈஸ்டர் முதல் அக்டோபர் வரை நோனாவைக் கொஞ்சம் முன்கூட்டி, எட்டாம் மணியின் நடுவிலேயே சொல்லிவிடலாம் என்கிறார். அதே அத்தியாயத்தில், ஆறாம் மணிக்குப் பின் துறவிகள் படுக்கையில் ஓசையின்றி ஓய்வெடுக்கவும் இடம் தருகிறார். ஸ்பானியர்களின் பகல் தூக்கமான ‘சியெஸ்டா’ அந்த ஆறாம் மணியின், ‘செக்ஸ்டா’வின், பெயர்தான். செக்ஸ்டா உச்சிப்பொழுதை விட்டு அதிகம் விலகவில்லை. நோனாதான் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ‘கான்விவியோ’ நூலில் தாந்தே இதை வெளிப்படையாகவே பேசுகிறார்: முறையான நோனா ஏழாம் மணியின் தொடக்கத்தில் ஒலிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஏழாம் மணியின் தொடக்கம் என்றால் உச்சிவேளை. ஆங்கிலத்திலும் 12ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டுக்குள் நூன் பன்னிரண்டு மணியைக் குறிக்கத் தொடங்கிவிட்டது.

ஏன் இந்த நகர்வு? பசி என்பது பழைய விளக்கம். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ழாக் லெ கோஃப் வேறு திசையைக் காட்டினார். நகரங்கள் வளர்ந்து, கூலிக்கு வேலை செய்வோர் பெருகிய காலம் அது. அவர்களுக்கு வேலைநாளை இரண்டாகப் பிரிக்கும் ஓர் இடைவேளை தேவைப்பட்டது. ஊரில் ஒலித்த தேவாலய மணியே அதற்கான அடையாளம் ஆனது என்கிறார். இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கும் என்று நம்பலாம். மடத்தின் சாப்பாட்டு மேசையும் நகரத்தின் வேலைக்களமும் ஒரே மணியை இரண்டு பக்கத்திலிருந்து இழுத்திருக்கின்றன.

சொல் இடம் மாறியபின் அதைச் சுற்றி ஒரு குடும்பமே உருவானது. 1300 வாக்கில் ‘ஆஃப்டர்நூன்’ தோன்றியது. நண்பகலுக்கு முந்திய பொழுதுக்கு ‘ஃபோர்நூன்’ வந்தது. நூனுடன் பானம் ஊற்றுதல் என்ற பொருள்கொண்ட சொல் ஒட்டி ‘நன்ஷன்’ என்ற சிற்றுண்டிப் பெயர் பிறந்தது. 17ஆம் நூற்றாண்டுக் கவிஞர்கள் நள்ளிரவைக்கூட இரவின் நூன் என்று எழுதினார்கள். ஒன்பது என்ற எண் அதற்குள் அடியோடு மறந்துபோயிருந்தது.

மறக்காத ஊர்களும் உண்டு. ஐஸ்லாந்தில் ‘நோன்’ என்றால் பிற்பகல் மூன்று மணி. கடிகாரம் இல்லாத நார்வே, ஐஸ்லாந்துப் பண்ணைகளில், முற்றத்தில் நின்று பார்க்கும்போது சூரியன் எந்த மலைக்கு மேலே நிற்கிறது என்பதே நேரம். அந்த வேளைக்குரிய குன்றுக்கு நோன் பெயரையே வைத்தார்கள். நார்வேயின் வரைபடத்தில் ‘நோன்ஸ்’ என்று தொடங்கும் மலைப்பெயர்கள் இன்றும் இருக்கின்றன. மணியை யார் வேண்டுமானாலும் முன்கூட்டி அடித்துவிடலாம். மலையை எப்படி நகர்த்துவது?

பன்னிரண்டுக்கு வந்து நிலைத்த நூன் பிறகு நாளின் தொடக்கமாகவும் இருந்தது. சூரியன் உச்சியைத் தொடும் கணத்தைத் துல்லியமாக அளக்க முடியும் என்பதால், வானியலாளர்கள் 1924 முடிய நண்பகலிலிருந்தே நாளை எண்ணினார்கள். கிரீனிச் ஆய்வகத்தின் கூரையில் 1833-ல் நிறுவிய, கீழே விழுந்து நேரத்தை அறிவிக்கும் நேரப் பந்து பகல் ஒரு மணிக்கு விழுவதற்கும் இதுவே காரணம்: பன்னிரண்டு மணிக்கு ஆய்வாளர்கள் சூரியனைப் பார்ப்பதில் மும்முரமாக இருப்பார்கள்.

சென்னைக்கும் சொந்தமாக ஒரு நண்பகல் இருந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த வானாய்வகத்தின் தீர்க்கரேகையை வைத்துக் கணித்த மதராஸ் நேரம், கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் அந்த நேரத்தைப் பார்த்து ஓடின. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி நேர முந்தலோடு இந்தியப் பொது நேரம் வந்ததும், சென்னையின் உச்சிவேளை கடிகாரத்தில் ஏறத்தாழ 9 நிமிடம் தள்ளிப்போனது. பூமியின் சாய்வும் அதன் நீள்வட்டப் பாதையும் செய்யும் வேலையால் அதுவும் ஆண்டு முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. பிப்ரவரி நடுவில் சென்னைக் கடற்கரையில் நட்ட கோலின் நிழல் மிகக் குறுகும்போது கடிகாரம் 12.23 காட்டும், நவம்பர் தொடக்கத்தில் அதே நிழல் 11.52-க்கே குறுகிவிடும்.