தூண்டிலும் தோழமையும்

தூண்டில் விளையாட்டில் மேலோங்குவது போட்டியா, தோழமையா என்பதை வெறும் மனித இயல்பு பற்றிய வினாவாகக் கொள்ளல் பொருந்தாது. 1880களில் ஆங்கிலேயர் நுவரெலியா ஓடைகளில் ட்றவுட் மீனை வளர்க்கத் தொடங்கினர். 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் தோன்றியது. செயற்கை ஈயைத் தூண்டிலிற் கட்டி வீசிய துரைமாரிடையே போட்டியும் தோழமையும் ஒரே வர்க்க எல்லைக்குள் நிலவின. கொழுந்து பறித்து அவர்தம் ஓய்வை உருவாக்கிய தமிழ்த் தொழிலாளர் அவ்வெல்லைக்குப் புறத்தே நின்றனர்; அக்கொழுந்தே தேயிலையாகிக் கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்தூடாக இலண்டன் சென்றது.

பிழைப்புக்காகக் கரைவலை இழுப்போரின் தோழமை வேறு: ஒரு கை தளரின் மறுகை சுமக்கும். ஆயினும் அங்கும் வலையுடைமை காரணமாகச் சம்மாட்டிக்குத் தனிப்பங்கு உண்டு. எனவே நீரும் வலையும் யாருடையன என்பதே நாம் முதலில் எழுப்பவேண்டிய வினா.