ஷைலொக்கைப் பார்த்துச் சிரித்தவர்கள்

ஒரு சமுதாயம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதை அறிந்தால், அதன் இயல்பையும் ஒருவாறு அறிந்துகொள்ளலாம். ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’ மேடையேறிய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1590களின் பிற்பகுதியில் எழுதப்பட்ட இந்நாடகம், 1623இல் வெளிவந்த தொகுப்பிலே இன்பியல் நாடகங்களின் வரிசையில் வைக்கப்பட்டது. கடனைத் தீர்க்கத் தவறிய வணிகனின் உடலிலிருந்து ஓர் இறாத்தல் தசையைக் கோருகிறான் ஷைலொக் என்னும் யூதன். நீதிமன்றத்திலே தோற்கும் அவன், மதம் மாறவும் நிர்ப்பந்திக்கப்படுகிறான். 1290இல் யூதரை வெளியேற்றிய இங்கிலாந்தில், யூதரை நேரிற் கண்டறியாத பெரும்பாலான மக்களுக்கு இது மகிழ்ச்சியான முடிவாகவே தோன்றியிருத்தல் வேண்டும்.

1701இல் கிரான்வில் இந்நாடகத்தைத் திருத்தி எழுதியபோது, ஷைலொக் வேடத்தை ஏற்றவர் ஒரு நகைச்சுவை நடிகர். 1741இல் மாக்ளின் அவனை அச்சந்தரும் கொடியவனாக்கினார். 1814இல் எட்மண்ட் கீன் அவனுக்குள் அவமதிக்கப்பட்ட மனிதனைக் கண்டார். 1879இல் ஹென்றி இர்விங் நடித்தபோதோ சபையோரின் அனுதாபம் ஷைலொக்கின் பக்கம் சாய்ந்தது. இம்மாற்றத்தை நடிகரின் மேதைமை ஒன்றினால் மட்டும் விளக்கிவிட முடியாது. பிரெஞ்சுப் புரட்சி 1791இல் யூதருக்குச் சம உரிமை வழங்கியிருந்தது. இங்கிலாந்திலும் 1858இல் யூதர் ஒருவர் பாராளுமன்றத்தில் அமர்ந்தார். மேடைக்கு வெளியே மனிதனாக ஏற்கப்பட்டவனே மேடையிலும் மனிதனானான்.

ஆயினும், வரலாறு எப்போதும் முன்னோக்கியே நடப்பதில்லை. 1943இல், ஹிட்லரின் ஆட்சிக்குட்பட்ட வியன்னாவின் பேர்க் அரங்கிலே வேர்னர் கிராவுஸ் ஷைலொக்கை அருவருப்புக்குரிய பிராணியாக நடித்துக் காட்டினார். அந்நகரத்து யூதருட் பெரும்பாலோர் அதற்கு முன்பே துரத்தப்பட்டோ மரண முகாம்களுக்கு அனுப்பப்பட்டோ இருந்தனர். அவ்வரங்கிலே எழுந்த சிரிப்பு கொலைக்குத் துணைபோன சிரிப்பாகும்.

போரின் பின்னர், 1963இல், பேர்லினிலே பிஸ்காற்றர் இதே நாடகத்தைத் தயாரித்தார். இவர் நாஜி ஆட்சிக்காலத்தை நாட்டுக்கு வெளியே கழித்த இடதுசாரி. ஷைலொக்காக நடித்த ஏர்ன்ஸ்ற் டொய்ச்சும் அகதியாய் வாழ்ந்து திரும்பிய யூதரே. 1516 முதல் வெனிஸ் யூதர் அடைத்துவைக்கப்பட்டிருந்த ஒதுக்கிடத்திலேயே, 2016இல் இந்நாடகம் அரங்கேறியது.

நீதிமன்றக் காட்சியை வகுப்பிலே கற்பிக்கும் ஆசிரியர்கள், கருணையைப் புகழும் போர்ஷியாவின் பேச்சோடு நின்றுவிடுதல் ஆகாது. அதற்குச் சற்று முன்னர் ஷைலொக் வேறொன்றைச் சுட்டுகிறான்: வெனிஸ் பிரபுக்களும் அடிமைகளை விலைக்கு வாங்கி, விலங்குகளைப்போல் வேலை வாங்குகின்றனர், அவர்களை விடுவிக்கச் சொன்னால், வாங்கிய பொருள் எமது என்றே பிரபுக்கள் கூறுவர். அவ்வாறாயின், தான் விலைகொடுத்த தசை மட்டும் தனதன்றோ?

ஷைலொக்கின் கொடுமையை இவ்வினா நியாயப்படுத்தாது. ஆனால், அவனுக்குத் தீர்ப்பளிக்கும் சமுதாயத்தையும் அது கூண்டிலேற்றுகிறது. அங்கிருந்த பிரபுக்களுள் ஒருவரும் அதற்கு விடையளிக்கவில்லை.